முன்னூறு மீட்டர் அன்பளிப்பு

போன மாதப் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து, "ரெக்கார்டர் இருக்கு, சாட்டிலைட் இருக்கு, பறந்த பாதை நொடிக்கு நொடி பதிவாகுது. அப்புறம் பார்வையாளர்னு ஒரு ஆள் எதுக்கு மேடம்?" என்று கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் டீயும் கந்தரப்பமும் வந்துவிட்டன. கேள்வி கேட்டவர்தான் முதலில் எழுந்து ஓடினார். பதில் என்னிடமே தங்கிவிட்டது. புதிதாகப் பார்வையாளர் அட்டை வாங்கியிருக்கும் உங்கள் ஏழு பேருக்கும் அதை இப்போது எழுத்தில் தருகிறேன். டீ ஆறினாலும் பரவாயில்லை, படித்து முடியுங்கள்.

காரைக்குடிக்கு வெளியே பழைய ஓடுதளத்தில் இருக்கும் நம் கிளைடர் மன்றத்தில் இருபத்தாறு வருடம் அலுவலகப் பொறுப்பாளராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பார்வையாளர் அட்டையும் என் கழுத்தில் தொங்கியது. எஞ்சினே இல்லாமல் பறக்கிற அந்த கிளைடரில் ஒருநாள்கூட நான் ஏறியதில்லை. மொட்டை மாடியில் வடகம் காயப்போடப் போனாலே எனக்குத் தலை சுற்றும். அதனால் என்ன, பறந்தவர் எவ்வளவு தூரம் பறந்தார் என்று கையெழுத்துப் போட தலை சுற்றாமல் தரையில் நிற்கிற ஆள்தான் வேண்டும். பைலட்டுக்கு உறவாகவும் இருக்கக்கூடாது. இந்தச் சீமையில் நாலு பேரை நிற்க வைத்தால் அதில் இரண்டு பேர் பங்காளிகளாக இருப்பார்கள், மூன்றாமவர் சம்பந்தியாக இருப்பார். நான் வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், தப்பித்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பெருமையடித்ததாகிவிடும்.

உமையாள் திருப்பத்தூரில் கால்நடை மருத்துவர். காலையில் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு மதியம் கிளைடரில் ஏறுகிற பெண். நேர்கோட்டு தூரத்தில் மாநிலத்தின் பெண்கள் சாதனையை முறியடிக்க வேண்டும் என்று நாலு வருடமாக ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு கோடையில் முறியடித்தும் விட்டாள், பழையதைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக.

அன்று காலையில் அந்த கிளைடருக்குப் புதுச் சக்கரம் மாட்டியிருந்தோம். கிளைடரை மேலே இழுத்துப்போகும் இழுவை விமானத்தை ஓட்டும் மாணிக்கம் சும்மா இருப்பாரா? எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, கண்ணில் பட்ட இடமெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். ரெக்கார்டரை கிளைடரோடு சேர்த்து நான் ஒரு சீல் ஒட்டியிருந்தேன். அதன் குறுக்கே என் கையெழுத்து இருக்கும். அந்தக் கருவி அந்த கிளைடரில்தான் பறந்தது, நடுவில் யாரும் கழற்றவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. மாணிக்கம் அதன் மேலும் ஒரு பொட்டு வைத்திருந்தார். வெயிலில் குங்குமம் இளகிக் கையெழுத்தில் பாதி கரைந்துவிட்டது.

உமையாள் இறங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சீல் கிழியவில்லை. பார்க்கத்தான் அசிங்கமாக இருந்தது. சாதனையை அங்கீகரிக்கிற பெரிய இடத்துக்குப் போகிற போட்டோ இப்படியா இருப்பது என்று நினைத்து, அதை உரித்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டி, அழகாகக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்தேன். கல்யாண வீட்டு வாசலில் கோலம் அழிந்தால் திருத்துவது மாதிரி செய்துவிட்டேன். அறிக்கையில் 'பறப்புக்கு முன் ஒட்டிய சீல் பறப்புக்குப் பின்னும் அப்படியே இருந்தது' என்று எழுத வேண்டிய இடம் வந்தபோதுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. அந்த வரி இப்போது பொய். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். விண்ணப்பம் தள்ளுபடியானது.

ஒரு வாரம் உமையாள் வரும் நேரத்தில் நான் ஸ்டோர் ரூமுக்குள் புகுந்துகொண்டேன். எட்டாம் நாள் அவளே உள்ளே வந்துவிட்டாள்.

"அக்கா, எத்தனை நாளைக்கு ஒளிஞ்சுக்கிட்டு இருப்பீக? அடுத்த தடவை குங்குமத்தோடயே அனுப்புங்க, போதும்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளுடைய நாலு வருட உழைப்பை என் சுத்தபத்தம் இரண்டே நிமிடத்தில் வாரிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் பார்ப்பது அழுக்காக இருந்தால் அழுக்காகவே படம் எடுங்கள். அழகுபடுத்துவது நம் வேலை இல்லை.

இனி அடுத்த சித்திரைக்கு வருகிறேன். பெரிய இறக்கை உள்ள ஒரு கிளைடர் வேறொரு மன்றத்திலிருந்து எங்களுக்குப் பத்து நாளைக்கு வந்திருந்தது. ஒன்பது நாள் காற்று சரியில்லை. பத்தாம் நாள் வானம் திறந்தது. கடல்காற்று தென்கிழக்கிலிருந்து தள்ளுகிறது, பஞ்சுப் பொதி மாதிரி மேகங்கள் வடமேற்காக வரிசை கட்டி நிற்கின்றன. மறுநாள் காலை கிளைடர் அதன் ஊருக்குத் திரும்பிவிடும். உமையாளுக்கு அந்த ஒரு மதியம்தான்.

திட்டம் எளிது. மாணிக்கம் தன் விமானத்தில் கயிறு கட்டி அவளை மேலே இழுத்துப்போவார். பேசி வைத்த உயரம் வந்ததும் இறக்கையை ஆட்டுவார். அவள் கயிற்றை விட்டுவிட்டு, சூடாகி மேலே எழும் காற்றில் சுற்றிச் சுற்றி உயர்ந்து, மேகத்துக்கு மேகம் தாவி, திருச்சி, நாமக்கல் வழியாகப் போய்ச் சேலத்துச் சமவெளியில் இறங்குவாள். அப்படி இறங்கினால் பழைய சாதனையைவிட எட்டு கிலோமீட்டர் கூடுதல்.

இங்கேதான் விதி வருகிறது. கயிற்றை விட்ட உயரத்துக்கும் இறங்கிய நிலத்தின் உயரத்துக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் ஆளாளுக்கு வானத்தின் உச்சிவரை இழுத்துப்போய் விடச்சொல்லி, அங்கிருந்து சறுக்கிக்கொண்டே வந்து சாதனை என்பார்கள். கூடுதலாகும் ஒவ்வொரு மீட்டருக்கும் தூரத்தில் நூறு மீட்டர் வெட்டு. சேலத்துச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய முன்னூறு மீட்டர். அதனால் ஆயிரத்து இருநூறில் விடச் சொல்லியிருந்தேன், நூறு மீட்டர் கையிருப்பு வைத்து. மாணிக்கத்திடம் இரண்டு தடவை சொன்னேன். சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன்.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினார்கள். இருபது நிமிடத்தில் மாணிக்கம் தனியாகத் திரும்பி வந்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

"அக்கா, ஜம்முனு தூக்கி விட்டுட்டேன்ல!"

"எவ்வளவு?"

"ஆயிரத்து ஐநூறு!"

"நான் கேட்டது ஆயிரத்து இருநூறு."

"அதுக்கு மேல முன்னூறு நம்ம அன்பளிப்புக்கா. பாவம், போன தடவைதான் அப்படி ஆயிப்போச்சு. புள்ள நல்லா இருக்கட்டுமேன்னு."

மாணிக்கம் வலையபட்டிக்காரர். அவர் வீட்டில் நீங்கள் சாப்பிட்டதில்லை. போதும் என்று இலையை மடித்தால் மடித்த இலையைப் பிரித்து இன்னொரு கரண்டி வைப்பார்கள். கேட்டதற்கு மேல் கொடுப்பதுதான் அந்த வீட்டில் மரியாதை. அதையே ஆகாயத்திலும் செய்துவிட்டு வந்து நிற்கிறார் மனிதர். இத்தனை வருடமாக இழுக்கிறவர், விதியும் தெரிந்தவர்தான். ஆனால் கை தாராளமாகும்போது கணக்கு நினைவுக்கு வருவதில்லை. உமையாள் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். குலுங்குகிற காற்றில் கண்ணை இழுவை விமானத்தின் மேல் வைத்துக்கொண்டு, இறக்கை ஆடுவதை எதிர்பார்த்திருந்தாள். மாணிக்கம் ஆட்டினார், அவள் விட்டாள்.

நான் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஆயிரத்து ஐநூறிலிருந்து முன்னூறு போனால் ஆயிரத்து இருநூறு. இருநூறு மீட்டர் கூடுதல். இருபது கிலோமீட்டர் வெட்டு. அவள் கையில் இருப்பது எட்டு.

தாளைத் திருப்பி மாணிக்கத்திடம் காட்டினேன்.

"அக்கா, அவகிட்ட சொல்லாதீக. நிம்மதியாப் பறக்கட்டும். வந்த பின்னாடி பாத்துக்கிருவோம்."

"பாத்து?"

குரலைத் தாழ்த்தினார். "ஆயிரத்து இருநூறுல கயித்த விட்டா, அதுக்கு மேல அவளே காத்துல ஏறிட்டான்னு எழுதிருங்க. நானும் அப்படியே எழுதிர்றேன். அந்த இடத்துல காத்தும் நல்லா ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கருவியில கோடு மேல போறதுதான் தெரியும், கயிறா தெரியப் போகுது?"

வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கருவியின் கோடு எவ்வளவு உயரம் என்று சொல்லும். கயிறு எங்கே விட்டது என்பதற்கு மாணிக்கத்தின் வார்த்தையும் என் வார்த்தையும் சேர வேண்டும். எழுதியிருந்தால் செல்லுபடியாகக்கூட ஆகியிருக்கும். பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கும் ஆசை வந்தது. போன வருடம் நான் கெடுத்ததை இப்படிச் சரிக்கட்டிவிடலாமே என்று ஒரு நிமிடம் பேனாவை உருட்டிக்கொண்டு நின்றேன். பிறகு என் மேலேயே கோபம் வந்து, அதை மாணிக்கத்தின் மேல் கொட்டினேன்.

"போன வருசம் உண்மையா பறந்தா, நான் கெடுத்தேன். இந்த வருசம் உண்மையா பறந்துக்கிட்டு இருக்கா, பொய்யைச் சேத்து நீ கெடுக்கப் போறியா? போயி வண்டிய எடு!"

கிளைடரை ஏற்றி வரும் நீண்ட வண்டியை ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். அவர் ஓட்டினார். நான் ரேடியோவை எடுத்தேன். காற்றில் இருக்கிற பைலட்டிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முடிவெடுக்க நேரம் இருக்கும்போதே சொல்ல வேண்டும், கை ஓய்வாக இருக்கும்போது சொல்ல வேண்டும்.

"உமையாள், கேக்குதா? கை ஓய்வா இருக்கா?"

"சுத்தி ஏறிக்கிட்டு இருக்கேன்க்கா. ரெண்டு நிமிசம்."

காத்திருந்தேன். அவளே கூப்பிட்டாள். கயிறு விட்ட உயரத்தையும் கணக்கையும் அப்படியே சொன்னேன்.

"மாணிக்கண்ணே வேலையா?"

"ஆமா."

"சோத்துலயும் இப்படித்தான் பண்ணுவாரு." பிறகு குரல் மாறியது. "திரும்பி வந்து மறுபடி இழுக்கச் சொன்னா?"

"எதிர்காத்து. நீ வந்து சேர்ந்து மறுபடி ஏற மணி ரெண்டரை ஆயிரும். சேலம் வரைக்கும் எட்டாது."

"அப்ப சேலத்துல எறங்கினா சாதனை இல்ல. சேலத்தைத் தாண்டி இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர் போகணும்."

"அந்தப் பதினஞ்சும் தொப்பூர் மலை. காடு. எறங்க இடமில்ல. அதைத் தாண்டிட்டா தர்மபுரிப் பக்கம் நெலமே ஒசரம், ஐநூறு மீட்டர் கிட்ட. வெட்டு அநேகமா இருக்காது."

"நீங்க என்னக்கா சொல்றீக?"

நெஞ்சில் கையை வைத்துச் சொல்கிறேன், 'போ' என்று சொல்ல நாக்கு துடித்தது. "கணக்குச் சொல்லிட்டேன். பறக்குறது நீ. சேலத்துல உயரம் பத்தலைன்னா அங்கேயே எறங்கிரு. இந்தச் சாதனை போனா மயிரே போச்சு, நீ முழுசா வேணும்."

மன்றத்து ரேடியோவில் அந்த வார்த்தை பேசியதற்கு இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை.

திருச்சி தாண்டி, முசிறி தாண்டி ஓடினோம். நாமக்கல்லில் நிறுத்தி மாணிக்கத்துக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊருக்கே பரிமாறுகிற மனிதர் ஒரு வடையை விழுங்க முடியாமல் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "தின்னுய்யா, வண்டிய நீதான ஓட்டணும்" என்று அதட்டினேன். தின்றார்.

நாலரை மணிக்கு ரேடியோவில் கடைசியாக அவள் குரல் வந்தது.

"அக்கா, சேலத்து மேல இருக்கேன். மத்த மேகமெல்லாம் கரைஞ்சிருச்சு. தொப்பூர் மேல ஒண்ணே ஒண்ணு நிக்குது. ஆயிரத்து தொள்ளாயிரம் இருக்கு. போறேன். மலையைத் தொடுறதுக்குள்ள ஆயிரத்து எழுநூறுக்குக் கீழ போயிட்டா திரும்பிருவேன்."

அவ்வளவுதான். அப்புறம் எத்தனை கூப்பிட்டும் பதில் இல்லை. மலை மறைத்துவிட்டது. இதைக் கவனியுங்கள்: அவள் 'எப்படியும் தாண்டிவிடுவேன்' என்று சொல்லவில்லை. எந்த உயரத்தில் ஆசையை விட்டுவிட வேண்டும் என்பதை மலைக்கு இந்தப் பக்கமே முடிவு செய்துவிட்டாள். துணிச்சல் என்று அதைத்தான் சொல்வேன்.

சேலத்தைக் கடக்கும்போது மணி ஐந்து. சாலையின் இருபுறமும் இருந்த தரிசுகளை எல்லாம் இரண்டு பேரும் துழாவிக்கொண்டே போனோம். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் இறக்கையாகத் தெரிந்தது. ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தலைப் பார்த்து மாணிக்கம் பிரேக் போட்டார்.

ஐந்தேகாலுக்கு என் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஏங்க, நீங்கதான் சாட்சி அம்மாங்களா?" ஒரு பெண் குரல். "இங்க ஒரு பொண்ணு ஏரோப்ளான்ல வந்து எங்க கொல்லையில எறங்கியிருக்குது. அது போன்ல சார்ஜ் இல்லியாம். உங்க நெம்பரைச் சொல்லிச்சு."

"அடி கிடி பட்டிருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க. மோர் குடிக்குது. மூணாவது சொம்பு."

"எந்த ஊரும்மா?"

அவள் சொன்ன ஊர் தர்மபுரிக்கு அந்தப் பக்கம். தொப்பூரைத் தாண்டி, தர்மபுரியையும் தாண்டி! நான் போட்ட கூச்சலில் மாணிக்கம் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, நெடுஞ்சாலை ஓரத்தில் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கையிலெடுத்த தண்ணீரைக் குடிக்காமல் முகத்தில் ஊற்றிக்கொண்டார்.

வெளிச்சம் மங்குவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கேழ்வரகு அறுத்த வயல், அந்தப் பக்கத்தில் அதைத்தான் கொல்லை என்கிறார்கள். நடுவில் கிளைடர் ஒரு இறக்கையைத் தரையில் சாய்த்துக்கொண்டு நின்றது. ஊரே சுற்றி நின்றது, ஆனால் பத்தடி தள்ளி. கொல்லைக்காரப் பெண் கையில் ஒரு புளிய விளார் வைத்துக்கொண்டு காவல் நின்றாள். உமையாளும் அந்தப் பத்தடிக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் தொடலைக்கா. மொதல்ல சீலப் பாருங்க, அப்புறம் என்னையப் பாருங்க" என்றாள்.

அவளைக் கட்டிக்கொள்ளத் துடித்த கையை அடக்கிக்கொண்டு உள்ளே தலையை விட்டேன். சீல் இருந்தது. கையெழுத்து இருந்தது. ஒரு நூல் விலகவில்லை. நாலு பக்கமும் படம் எடுத்தேன். இறங்கிய நேரத்தையும் இடத்தையும் எழுதி, கொல்லைக்காரப் பெண்ணிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். அந்தப் பெண் தன் பெயரை முதலெழுத்தோடு நிதானமாக எழுதி, "இது எங்க பேர்ல ஒண்ணும் வராதுங்களே?" என்று கேட்டாள். "நல்ல பேர்தான் வரும்" என்றேன். அப்புறம்தான் உமையாளைக் கட்டிக்கொண்டேன். அழுதது நான்தான், அவள் இல்லை. தொப்பூர் மேல் நின்ற அந்த ஒற்றை மேகம்தான் தன்னைத் தூக்கி மலைக்கு அந்தப் பக்கம் விட்டது என்றாள்.

கருவியிலிருந்து கணக்கை இறக்கினோம். தூரம் இருநூற்று நாற்பத்து நாலு கிலோமீட்டர். நிலத்தின் உயரம் நானூற்று எண்பத்தாறு மீட்டர். வித்தியாசம் ஆயிரத்துப் பதினாலு.

"பதினாலு மீட்டர்! ஒரு தென்னமரம் ஒசரம்!" என்று மாணிக்கம் பதறினார். "இதையும் எழுதணுமாக்கா? இம்புட்டுத் தூரம் வந்துருக்கா..."

"இம்புட்டுத் தூரம் வந்ததாலதான் எழுதலாம். ஒண்ணு புள்ளி நாலு கிலோமீட்டர் போகட்டுமே. பாக்கிய எவன் தொட முடியும்?"

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். கேட்ட உயரம், கொடுத்த உயரம், பதினாலு மீட்டர், எல்லாம். இழுவை விமானியின் குறிப்பு என்ற கட்டத்தை மாணிக்கத்திடம் நீட்டினேன். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, 'கேட்டதற்கு மேல் முன்னூறு மீட்டர் நானாகக் கொடுத்தேன். பைலட் கேட்கவில்லை. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த மூன்று வரியில் போய்விட்டது. தன் தவறைத் தன் கையால் எழுதுகிறவரோடு எந்தச் சாதனைக்கும் நான் போவேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு முற்பகலில் பதில் வந்தது. கடிதத்தைப் படித்த கையோடு உமையாளுக்குப் போன் போட்டேன். ஒரு ஆண் குரல் எடுத்தது.

"டாக்டரம்மாவுக்குக் கை சோலியாக் கெடக்குங்க. பசு கன்னு போடுது, கன்னு குறுக்க நிக்குது. நான் மாட்டுக்காரன். ஸ்பீக்கர்ல போடுறேன், பேசுங்க."

திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஏதோ ஒரு தொழுவம். மாடு அடிவயிற்றிலிருந்து கத்துவது எனக்குக் கேட்டது.

"சொல்லுங்கக்கா, சீக்கிரம்" என்றாள் உமையாள், மூச்சு வாங்க.

"வந்துருச்சுடி. வெட்டுப் போக இருநூத்தி நாப்பத்திரெண்டு புள்ளி ஆறு. பழசைவிட அம்பது கிலோமீட்டர் கூட. ஒரு கேள்வி கேக்கல. ஒண்ணே ஒண்ணு எழுதியிருக்காக: 'ஆவணங்கள் முழுமையாக உள்ளன.'"

மாடு மறுபடியும் ஒரு தடவை கத்தியது. பிறகு தொப்பென்று ஏதோ வைக்கோலில் விழும் சத்தம். "கெடேரி! கெடேரிக் கன்னு!" என்று மாட்டுக்காரர் கூவினார். அதற்கு மேலே, தொழுவமே அதிர, உமையாள் ஒரு கத்துக் கத்தினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என்னம்மா டாக்டரம்மா, ஏன் அழுகுறீக?" மாட்டுக்காரர் பயந்துபோய்க் கேட்டார். "கன்னு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாருக்குண்ணே" என்றாள் உமையாள். "மேலே கீழே எங்க பாத்தாலும் எல்லாமே நல்லாருக்கு."